மூக்கு இருக்கும் உயரம்

இன்னும் பிறக்காத, பிறந்தாலும் என் பேச்சைக் கேட்கப்போகாத அன்பு மகனே,

இதனால் ஆரணி நகரப் பெருமக்களுக்கும், முள்ளிப்பட்டு முதல் பெரணமல்லூர் வரையிலான சுற்றுவட்டாரத்தாருக்கும், முக்கியமாக உனக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை, சூரியன் சாட்சியாக, வீட்டுக்குப் பின்னால் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியின் முன்னிலையில், உன் தகப்பனாகிய நான் என் மீசையை முதன்முறையாக மழித்தேன். சேதாரம், மூக்குக்குக் கீழே ஒரு வெட்டு. ஆதாயம், தெரியவில்லை. மழிப்பதற்கு முன்னாலும் அந்த இடம் இப்படித்தான் இருந்தது என்கிறாள் உன் அத்தை மஞ்சு. என் தங்கை அவள். அவளுக்குப் பதினான்கு வயது. அவள் வாய்க்கு நாற்பது.

எனக்குப் பதினேழு. கல்யாணம் இல்லை, பெண் பார்க்கவில்லை, பார்த்த பெண் என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் எதற்கு மகனுக்குக் கடிதம் என்று கேட்பாய். மகனுக்குக் கடிதம் எழுதும் அப்பாக்களை வார இதழ்களில் நிறையப் படித்துவிட்டேன். தலை நரைத்து, சர்க்கரை ஏறி, பையன் வேலைக்கு வெளியூர் போன பிறகு உட்கார்ந்துகொண்டு, “நான் உன் வயதில் இருந்தபோது” என்று ஆரம்பிப்பார்கள். அந்த வயதில் தாங்கள் என்ன லட்சணத்தில் இருந்தோம் என்பது அவர்களுக்குச் சுத்தமாக மறந்திருக்கும். மறந்துபோனதால்தான் எல்லோரும் அவ்வளவு நல்ல பிள்ளைகளாக இருந்திருக்கிறார்கள். நான் அந்த வயதிலேயே எழுதிவிடுகிறேன். நீ வளர்ந்து இதைப் படிக்கிற காலத்தில் உன் எதிரில் தொப்பையோடும் பொறுப்போடும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவரை நம்பாதே. என்னை நம்பு.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்றே ஒன்று. ஒரு டப்பாவை வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்பதோடு கேள்வியை நிறுத்தாதே. அதில் எவ்வளவு உனக்குள் வருகிறது, எந்த வழியாக வருகிறது, வந்தது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கேள். இதைக் கேட்கத் தெரியாத மேதாவிகள் நடுவில்தான் நான் வளர்ந்தேன். எங்கள் வேதியியல் வாத்தியாருக்கு ரசாயனம் என்றால் தொழிற்சாலைப் புகைபோக்கி. அதை அவர் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது அவர் தலையில் பூசிய மை வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்துகொண்டிருக்கும். டிவியில் ஒரு அம்மா தரையைத் துடைப்பார். எலுமிச்சை வாசனை வரும். உடனே வீடு சுத்தமாகிவிடும். எலுமிச்சம்பழம் அந்தப் பாட்டிலின் படத்தைக்கூடப் பார்த்திருக்காது. மூலிகை என்று பச்சையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். உள்ளே என்ன என்பதை எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் போட்டிருப்பான். இதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, முகம் எரிந்தால், “எரியுதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம்” என்பார் உன் சின்னத் தாத்தா. அவர் என் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. ஜவுளிக் கடையில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. சிவப்பழகுக் கிரீம் பூசிப் பூசி அவர் முகம் சிவந்தது உண்மைதான். அழகுதான் வந்து சேரவில்லை.

முதலில் எங்கள் வீட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் குளியலறை. அந்த ஒரே அறையில் பாதி, குழித்தறிக்குச் சொந்தம். அப்பா தரையோடு தரையாகக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். கை மேலே நெய்யும். நீளவாட்டு இழையான பாவை இழுத்துக் கட்டியிருக்கும்போது ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது. காற்று பட்டால் பட்டு இழை ஆடும், சிக்கும், அறும். ஆகவே எங்கள் வீட்டுக்குள் ஒரு புகையோ வாசனையோ வந்தால் வாடகைக்குக் குடிவந்ததுபோலத்தான். லேசில் காலி செய்யாது. குழிக்குள்ளே இருட்டு, ஈரம். கொசுக்கள் நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடியேறும் இடம். அவை அப்பாவின் காலைக் கடிக்கும். அதனால் கொசுவத்திச் சுருளைக் குழிக்குள்ளேயே, காலுக்குப் பக்கத்தில் கொளுத்தி வைப்பார். தெருவில் முக்கால்வாசித் தறிக்காரர்கள் அப்படித்தான். கால் கீழே, மூக்கு மேலே, புகை மேல்நோக்கிப் போகும் என்பதை யோசிக்க இந்தத் தெருவில் ஒரு விஞ்ஞானி பிறக்க வேண்டியிருந்தது. பிறந்தேன்.

போன வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மற்றவர்கள் வழக்கம்போல் எரிமலை செய்தார்கள். பேக்கிங் சோடாவில் வினிகரை ஊற்றி நுரை வந்தால் கை தட்டும் கூட்டம் அது. நான், ‘வீட்டுப் பவுடர் எங்கெங்கே போகிறது?’ என்று ஆராய்ந்தேன். சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவனிடம் கெஞ்சி ராணிக் கலர் எனப்படும் அடர் ரோஸ் சாயப்பொடி ஒரு சிட்டிகை வாங்கி வந்து, வீட்டில் எல்லோரும் போடும் முகப்பவுடர் டப்பாவில் கலந்து குலுக்கி வைத்தேன். காய்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஈரம் பட்டால் பல்லிளிக்கும். நான் மட்டும் தப்பித்தேன். நான் பவுடர் போடுகிற பட்டிக்காடு இல்லை. சென்ட் மட்டும்தான்.

மகனே, அந்த ஆராய்ச்சியின் முடிவுகளை உலகம் இன்னும் கௌரவிக்கவில்லை. “நான் கழுத்துல மட்டும்தான்டா போட்டுக்கறேன்” என்று சத்தியம் செய்கிற மாமாவின் ராணிக் கலர், அவர் காலரில், காது மடலில், டீ கிளாஸ் விளிம்பில், கடையில் அவர் விரித்துக் காட்டிய வெள்ளை வேட்டியில் எல்லாம் இருந்தது. முதலாளி வேட்டியை அவருக்கே விற்றுவிட்டார். மஞ்சு கன்னத்தில் போட்டது அவள் தலையணையிலும், நகம் கடிக்கிற பழக்கத்தால் பல்லிலும் இருந்தது. அம்மா அவளுக்குப் பவுடர் பூசிவிட்ட கையோடு தோசை திருப்பினாள். தோசையின் ஓரத்தில் ராணி மகாராணியாக வீற்றிருந்தாள். கழுத்தில் போட்டது வயிற்றுக்குள் போகும் வழியை நான் கண்ணால் பார்த்தேன். சோப்பு தேய்த்தால் தண்ணீரோடு போய்விடும். பவுடர் நாளெல்லாம் நம்மோடு சம்சாரம் நடத்தும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஆனால் பவுடரே போடாத ஆள் ஒருவர் வீட்டில் இருந்தார். உன் தாத்தா, என் அப்பா. அவர் போட மாட்டார். ஆனால் மாமா முகம் துடைத்த துண்டு தறிப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். அப்பாவுக்குப் பல மாதங்களாக இருமல். அன்றைக்கு இருமல் வந்து, வாயைத் துண்டால் பொத்தி, எடுத்துப் பார்த்திருக்கிறார். துண்டில் சிவப்பு.

அவருடைய அண்ணன் அப்படித்தான் போனார். இருமி, துண்டில் சிவப்பைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் துண்டை மடித்து மடித்து வைத்தே போய்ச் சேர்ந்தார். அப்பாவும் துண்டை மடித்துவைத்தார். அம்மா துவைக்க எடுத்தாள். நான் பள்ளிவிட்டு வந்தபோது தறி நின்றிருந்தது. அம்மா அழுது முடித்து, புடவை மாற்றி, அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகக் கிளம்பியிருந்தாள். மஞ்சு அந்தத் துண்டை ஒரு பையில் போட்டு, பாம்பைப் பிடித்திருப்பதுபோலக் கையை நீட்டி வைத்திருந்தாள். பையை எட்டிப் பார்த்தேன். ராணிக் கலர்.

“அம்மா, அது ரத்தம் இல்லம்மா.”

“உனக்கின்னாடா தெரியும்? கம்னு இரு நைனா, பேஜார் பண்ணாத.”

“நான்தான்மா. பவுடர்ல சாயம் கலந்தேன். எங்கெங்க ஒட்டுதுன்னு பாக்க.”

அம்மா என்னை அடித்த அடியில் ஓர் அறிவியல் உண்மை இருந்தது: விளக்குமாறும் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. மஞ்சுதான் கேட்டாள், “பவுடர்ல இன்னா விஷம் இருக்குதுன்னு பாக்கறதுக்கு நீயே விஷத்த கலந்தியா? தோச துன்னேனேடா நானு!” மாமா பின்னால் நின்று, “வேட்டிக்கு யார்ரா பதில் சொல்றது?” என்றார். அப்பா துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு நடுவில் இருமலாக மாறியது. அந்த இருமல் நிற்கவே இல்லை. மூச்சு உள்ளே போவதற்கு வழி கேட்டுக் கெஞ்சுவதுபோல ஒரு விசில் சத்தம். அம்மா மாற்றிய புடவையோடு அப்படியே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார், சளியைச் சோதிக்கச் சொன்னார். காசம் இல்லை. அம்மா சாமிக்கு வேண்டிக்கொண்டதை மனதுக்குள் குறைத்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் சொன்னார்: “காசம் இல்லன்னு சந்தோஷப்பட்டு வுட்டுடாதீங்க. மூச்சுக்குழாய் சுருங்கிகினு இருக்குது. உங்க வீட்டுக் காத்துல ஏதோ ஒண்ணு இவருக்கு ஆகல. அது இன்னான்னு நீங்கதான் பாக்கணும். இப்டியே போனா இவரு தறில உக்கார முடியாது.”

அப்பா எழுந்துவிட்டார். “தறில உக்காராம வேற எங்க உக்கார்றது சார்?” என்றார். டாக்டருக்கு அதற்கு மாத்திரை இல்லை.

அந்த இடத்தில்தான், மகனே, உன் தகப்பன் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டான். என் குறும்பு மட்டும் இல்லையென்றால் அப்பா டாக்டரிடமே போயிருக்க மாட்டார் என்பதை இந்தக் குடும்பத்தில் ஒருவரும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டைச் சோதனை போட்டேன். பீரோவில் பட்டுக்கு நடுவே அந்துருண்டை, வெளியே எடுத்தேன். அம்மா குளியலறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டி, “கண்ணுல தண்ணி வந்தாத்தான் அழுக்கு போச்சுன்னு அர்த்தம்” என்று தேய்த்துக்கொண்டிருந்தாள், பிடுங்கினேன். கடைசியில் தலைமைக் குற்றவாளியைப் பிடித்தேன். குழிக்குள் கொசுவத்தி.

“கொசுவ கொல்றது மனுசன இன்னாடா பண்ணும்? நாம இன்னா கொசுவா?” என்றார் அப்பா.

“கொசு வந்து ஒரு வாய் குடிச்சிட்டு செத்துடுது. நீ நாள் பூரா உக்காந்து குடிச்சிகினு கீற.”

“ஊர்ல எல்லாரும்தான் வெக்கிறாங்க.”

“ஊர்ல எல்லாரும்தான் இருமறாங்க.”

வென்றேன். கொசுவத்தி வெளியே போனது. அப்பாவின் கால்களுக்கு மாமாவின் பழைய காலுறைகளை மாட்டி, மேலே என் பள்ளிக்கூட முழுக்கால் சட்டையையும் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கிளம்பியவர் வழியில் தறிக்குள் விழுந்துவிட்டதுபோல் இருந்தார். கொசு கடிக்கவில்லை. இருமல் அன்றும் இருந்தது. ஒரே நாளில் எப்படிப் போகும் என்று எல்லோரையும் அதட்டிவிட்டு, அரைப் பரீட்சை லீவுக்குக் கண்ணமங்கலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பள்ளி திறக்கச் சில நாள் முன்னால் திரும்பி வந்தால், அப்பா இருமுவதே இல்லை! அம்மா சொன்னாள், மாமா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். டாக்டரும் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, “பரவால்லியே” என்றார்.

அன்று சாயந்திரம் நான் டீக்கடையில் ஆற்றிய உரையை நீ கேட்டிருக்க வேண்டும். புகை பகை என்றேன். குழிக்குள் வைத்தால் குழிக்குள் வைப்பார்கள் என்றேன். உங்களையெல்லாம் படைத்த கடவுள் மூக்கை எதற்கு வைத்தான், கண்ணாடி மாட்டவா என்றேன். எங்கள் தெருவில் மூன்று நான்கு வீட்டில் கொசுவத்தியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். முள்ளிப்பட்டிலிருந்து ஒரு தறிக்காரர் சைக்கிளில் வந்து, “தம்பி, எங்க ஊட்டாண்ட ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ” என்றார். போனேன். அவருடைய வீட்டு டப்பாக்களையும் பாட்டில்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, நீதிபதி மாதிரி உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன். இந்த ஊரிலேயே மூக்கை மூளையோடு சேர்த்துப் பயன்படுத்துகிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு அப்போது சந்தேகமே இருக்கவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் காலை. தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் தலை சீவினேன், சட்டையைச் சரி செய்தேன், கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே அந்த விசில். பிறகு இருமல். தறி நின்றது.

“பக்கத்து ஊட்ல கொசுவத்தி வெச்சிருக்கான்” என்று கத்தினேன். போய்ப் பார்த்தேன். பாவம், அந்த மனிதர் என் உரையைக் கேட்டுக் கொசுவத்தியையே விட்டவர். அடுத்த நாளும் அப்படியே. அம்மா ஊதுவத்தி ஏற்றினாளா என்று விசாரித்தேன். மாமாவின் கிரீமை முகர்ந்தேன். அந்துருண்டை திரும்பி வந்துவிட்டதா என்று பீரோவுக்குள் தலையை விட்டேன்.

பீரோவுக்குள் இருந்த என் தலையைப் பார்த்து மஞ்சு கேட்டாள்: “அப்பா எப்பலாம் இருமலன்னு சொல்லு பாக்கலாம்?”

“கொசுவத்திய எடுத்ததும்.”

“எடுத்த அன்னிக்கும் இருமினாரு. அப்றமா எப்ப நின்னுச்சி?”

“லீவுல.”

“லீவுல நீ எங்க இருந்த?”

“கண்ணமங்கலத்துல.”

“உன் சென்ட்டு?”

தலையை வெளியே எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் கண்ணாடி இருந்தது தறிக்கு மேலே, ஜன்னல் பக்கத்துச் சுவரில். மூடிய ஜன்னலின் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் அங்கேதான் விழும். பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, இந்தக் கக்கத்தில், அந்தக் கக்கத்தில், கழுத்தில், சட்டைக்கு வெளியே, சட்டைக்கு உள்ளே, போகிற போக்கில் காற்றில் ஒன்று என்று அடிப்பேன். என் மூக்கு இருக்கும் உயரத்தில் அது வாசனை; அடித்த மறு நிமிஷம் நான் தெருவில் இருப்பேன். துளியெல்லாம் கீழே இறங்கும். கீழே, தரையோடு தரையாக, காற்றில்லாத அறையில், நாளெல்லாம் ஒரு மூக்கு உட்கார்ந்திருந்தது. ஊரில் இருக்கிற டப்பாவையெல்லாம் சோதித்தவன் என் பையில் இருந்த டப்பாவைச் சோதிக்கவில்லை. வாசத்துக்கு முன்னால் ஒரு ‘சு’ போட்டால் சுவாசம் என்று டீக்கடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியவன் நான்தான்.

அப்பாவிடம் போனேன். பாவில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என் சென்ட்டாலயாப்பா?”

“கொசுவத்தியும்தான். கண்ணு எரிச்சல் போச்சில்ல இப்போ” என்றார், என் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி.

“சென்ட்டுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாம இன்னா. நீ கண்ணாடியாண்ட வந்தியானா மூச்சப் புடிச்சிக்குவேன்.”

“சொல்லியிருக்கலாமில்ல? டாக்டராண்டயாவது?”

இழையைப் பிணைத்து முடித்து, பல்லால் நுனியைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: “உன் வயசுல எம்மேல பட்டு வேக வெச்ச நாத்தம்டா. பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டான். எழுந்து போயி நின்னுகினு வருவான். நீயாவது வாசனையா போறியே, போவட்டும்னு உட்டுட்டேன்.” அடுத்த இழையைத் தேடிக்கொண்டே, “அடிக்கிறது ஒரு நிமிசம்தான், புடிச்சிக்கலாம். நீ தலய வேற சீவுவியே, அதான் முடியல” என்றார்.

மகனே, புத்திமதி சொல்ல வந்தவன் இந்த இடத்தில் கொஞ்சம் தலையைச் சொறிந்துகொள்கிறேன். கண்ணாடியை அன்றைக்கே கழற்றிக் கொண்டுபோய் குளியலறை வெளிச்சுவரில் மாட்டினேன். அதனால்தான் இன்று காலை வெட்டவெளியில், மஞ்சு உட்பட ஊரே பார்க்க மழிக்க வேண்டியிருந்தது. அப்பாவின் மூச்சு இப்போது விசிலடிப்பதில்லை. தறி ஓடுகிறது. மீசை போன இடத்து வெட்டுக்கு அவர்தான் படிகாரம் எடுத்துக் கொடுத்தார். சென்ட் டப்பாவை ஏரியில் எறிந்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடையில் அதை ஒரு தியாகமாகவே சொல்லியிருக்கிறேன்.

எறியவில்லை. அது என் சைக்கிள் சீட்டுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டியிருக்கிறது. டியூஷன் இருக்கிற நாளில் மட்டும் தெருமுனை தாண்டி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, ஆள் இல்லாத இடமாக நின்று, ஒரே ஒரு முறை. திரும்பி வரும்போது நேராகப் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் தறி இருக்கும் அறைக்குள் கால் வைக்கிறேன். ஊருக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிக் காட்டியவனுக்கு ஒரு டப்பாவைத் தூக்கிப் போட முடியவில்லை. டியூஷனில் முன்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் ஒருவேளை உன் அம்மாவாக இருக்கலாம். ஒருவேளை அவளுக்கு இந்த வாசனை பிடிக்காமலே போகலாம். இதுவரை அவள் ஒரு தும்மல் போட்டதோடு சரி.

ஆகவே உனக்கு என் வயது வரும்போது, என்ன கண்றாவியைக் கண்டுபிடித்து வைத்திருப்பார்களோ, அதை நீயும் பூசிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்பாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பேன் என்று கனவு காணாதே. அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை. இருந்தாலும், அப்பா மாதிரியே சும்மா இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தலையை மட்டும் ஜல்தியாகச் சீவு.

இப்படிக்கு,
மூக்கு இருந்தும் முகரத் தெரியாத
உன் அப்பா